நடுவில் வைத்த ஹேண்ட் பிரேக்

என் மாமனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. இறந்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்று எங்கள் சர்ச்சில் சொல்வார்கள். உயிரோடு இருந்தபோது அவரைக் குறை சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அப்படியென்றால் எப்போதுதான் சொல்வது?

குள்ளமான ஆள். கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. காட்டிலாகாவில் ஜீப் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் காக்கிச் சட்டையை விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் ஒரு வீடு, மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மாந்தோப்பு, ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். இந்த மூன்றும் அவர் சொந்தமாகச் சேர்த்தவை. பெண்டாட்டியையும் மகனையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார். கல்யாணமாகி நான் வந்ததும் என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் ‘நிப்பாட்டு’. தொட்டி நிறைவதற்குள் மோட்டாரை நிப்பாட்டு. டிவி தொடரில் அந்தப் பெண் அழ ஆரம்பித்தால், அத்தை மூக்கை உறிஞ்சுவதற்குள் நிப்பாட்டு. நானும் அத்தையும் அடுப்படியில் எதற்காவது சிரித்தால் முன்னறையிலிருந்து அதே சொல். கத்தமாட்டார். பல நேரம் வாயைக்கூடத் திறக்கமாட்டார், உள்ளங்கையை மட்டும் காட்டுவார். மோட்டார் சுவிட்சு பெட்டிக்குப் பூட்டு, கேட்டுக்குப் பூட்டு, டிவி ரிமோட் சட்டைப் பையில். நடக்கும்போது சாவிக்கொத்தும் ரிமோட்டும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் பேச்சு தானாக அடங்கிவிடும்.

சர்ச்சிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் போதகர் ஒருவர் வந்து நீளமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மாமா ரெண்டு தடவை இருமிப் பார்த்தார். மூன்றாவது தடவை எழுந்து நின்றுவிட்டார்.

“போதும் ஐயா. ஜனங்க பசியோட இருக்காக.”

போதகர் அப்படியே ஜெபத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்தபோது சிலர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். புதுசாக வந்த மருமகள், விவரம் தெரியாது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். வண்டி ஓட்டுவதில் அவர் சூரர். அவரோடு வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கதை சொல்வார். விடியக்காலம், காட்டு ரோடு, பனி. வண்டியில் நாலு ஆபீசர்கள்.

“ரோடு வெறிச்சுன்னு கெடக்கு. என் மூக்குல என்னமோ பட்டுச்சு. நிப்பாட்டிட்டேன். ஏன்யா நிப்பாட்டுனேன்னு ஆபீசர் கத்துதான். செத்த நேரம் பொறுங்கய்யான்னேன். மூங்கில் பொதருக்குள்ள இருந்து தாயும் குட்டியுமா ரெண்டு யானை வந்து ரோட்டைத் தாண்டுது. நான் மட்டும் நிப்பாட்டலேன்னா அன்னைக்கு அஞ்சு பொணம்.”

இதைச் சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தைப் பார்த்து முடிப்பார்: “ஓட்டுறதுக்கு எந்த நாயும் ஓட்டும்யா. நிப்பாட்டத் தெரிஞ்சவன்தான் டிரைவர்.”

அப்பேர்ப்பட்டவரின் மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். கல்யாணமான புதுசில் ஏன் என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார். வலது கை விரல் முட்டிகளில் ரெண்டு, மற்றதைவிட வீங்கினமாதிரி இருந்தது.

“பள்ளிக்கூடம் முடிச்ச வருசம் அப்பா தோப்புப் பாதையில வச்சு ஜீப் ஓட்டப் பழக்குனாரு. ஒவ்வொரு தடவ கிளட்ச்சைத் தப்பா விடுறப்பவும் ஸ்பேனரால கையில ஒரு போடு. அதுக்குப் பொறவு ஸ்டீயரிங்கைப் பாத்தாலே உள்ளங்கை வேர்த்துரும்.”

சொல்லிவிட்டு, யாரோ கேட்டுவிட்டதுபோல வாசலைப் பார்த்தார்.

நான் வ. புதுப்பட்டிக்காரி. எங்கள் அண்ணனிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி உண்டு. தேங்காய், கொய்யா லோடு ஏற்றிக்கொண்டு வத்திராயிருப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நானே ஓட்டியிருக்கிறேன். லைசென்சும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோது எங்கள் அம்மா இதைப் பெருமையாகச் சொன்னாள். மாமா பலகாரத் தட்டை அப்படியே கீழே வைத்தார். “அதெல்லாம் இங்கயே நிப்பாட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.

நிப்பாட்டித்தான் வந்தேன். மூன்று வருஷம் ஒரு வண்டியையும் தொடவில்லை. பிறகு சர்க்கரை அவர் கண்ணுக்கு வந்தது. முதலில் எங்கள் வீட்டுக் கேட் தூணிலேயே ஜீப்பை மோதினார். தூணைக் கட்டிய கொத்தனாரைத் திட்டினார். அப்புறம் ரோட்டோரம் நின்ற ஆட்டின் மேல் ஏற்றினார். ஆட்டுக்காரனைத் திட்டினார். கண் டாக்டர் இனிமேல் வண்டியைத் தொடவே கூடாது என்று சொன்ன அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டு, உடனே அணைத்தார்.

அது மாம்பழக் காலம். தோப்பில் பெட்டி பெட்டியாகப் பழம். கூலிக்கு வைத்த டிரைவர் ரெண்டே நாளில் “இவரு பக்கத்துல இருந்தா எனக்கு மூத்திரம் வந்துருது” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஜீப் சாவி என் முன்னால் வந்து விழுந்தது.

“ஏட்டி, புதுப்பட்டிக்காரி. ஓட்டிக் காட்டு, பாப்போம்.”

அன்று தொடங்கியது. தோப்பிலிருந்து ராஜபாளையம் மார்க்கெட்டுக்கு நான் ஓட்டுவேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்து வருவார். கியரை மாத்து. ஹாரனை அடி. எதுக்கு ஹாரன் அடிச்சே? நிப்பாட்டு. நிப்பாட்டுன்னா நிப்பாட்டணும். கண் தெரியாதவர், காதை வைத்துக்கொண்டே என்னை ஓட்டினார். அவர் சொன்னபோதெல்லாம் நான் நிறுத்தவில்லை. பின்னால் பஸ் முட்டிக்கொண்டு வரும்போது நடுரோட்டில் எப்படி நிறுத்துவது? அவருடைய வலது கால் தகரத்தை மிதிக்கும், அங்கே பெடல் இல்லை. கை எதையோ தேடும், அங்கேயும் ஒன்றும் இல்லை.

அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தது. ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம், குடைப்பிடி மாதிரி ஒரு கைப்பிடி. குனிந்து இழுத்து ஒரு முறுக்கு முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். பழசாகிப்போய்ச் சில நேரம் பிடிக்காது. ஒரு நாள் தோப்பு மேட்டில் நிறுத்திவிட்டு நான் இறங்கி நடக்க, வண்டி மெதுவாகப் பின்னால் உருண்டு ஒரு மாமரத்தில் போய் இடித்து நின்றது. நல்லவேளை, யாரும் பின்னால் இல்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சாயங்காலம் திண்ணமாக ஒரு முடிவு சொன்னார்:

“இந்த இழுவை பிரேக் ஆவாது. நடுவுல, ரெண்டு சீட்டுக்கும் மத்தியில வைக்கிற மாதிரி மாத்திருவோம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் குனிந்து சிரமப்படுவதை இந்த மனுஷர் கவனித்திருக்கிறாரே என்று. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு முட்டை கூட வைத்தேன்.

ராஜபாளையத்தில் ஜீப் வேலைக்கென்றே ஒரு பட்டறை உண்டு. பட்டறைக்காரர் பெயர் சிக்கந்தர் பாய். பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்த ஒரு கார் லீவரைக் காட்டினார். கறுப்பு ரப்பர் பிடி, நுனியில் அமுக்கி விடுவிக்கிற பொத்தான். தரைத் தகரத்தை அறுத்து, கீழே ஒரு தாங்கு வைத்து வெல்டிங் செய்து, கேபிளைப் புதுசாக இழுத்துவிடலாம், ஒரு நாள் வேலை என்றார். லீவரை நிற்க வைத்துப் பார்க்கும்போது மாமா இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

“இன்னும் செத்த இந்தப் பக்கம் தள்ளி வை.”

பாய் தள்ளினார்.

“இன்னும்.”

“ஓட்டுறவுக கைக்கு எட்டணும்லா அண்ணாச்சி?”

“எட்டும். நீ வை.”

பாய் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது என்னிடம்தான் சொன்னார். “தங்கச்சி, இது சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் இல்ல. கியர்பாக்ஸுக்குப் பின்னால ஓடுற ஷாஃப்டைப் பிடிக்கிது. நிக்கிற வண்டி உருளாம இருக்கத்தான் இது. ஓட்டத்துல இழுத்தா பின் சக்கரம் ரெண்டும் கட்டிக்கிடும், ஷாஃப்ட் முறுக்கிப் போகும்.”

“எனக்கா பாடம் சொல்லுதே?” என்றார் மாமா.

பட்டறையை விட்டு வந்து பஜாருக்குள் நுழைந்தேன். முன்னால் ஒரு மாடு, அதன் பின்னால் ஒரு தள்ளுவண்டி. நான் ஊர்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று ‘கிர்ர்’ என்று பக்கத்தில் ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்று எஞ்சின் அணைந்தது. ஸ்டீயரிங்கில் என் நெஞ்சு இடித்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். மாமாவின் கை லீவரின் மேல் இருந்தது. மாடு போகும் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார். பொத்தானை அமுக்கி லீவரை இறக்கினார்.

“இப்ப எடு.”

ஒரு முட்டையை வீணாக்கிவிட்டோமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அதற்குப் பிறகு அந்த ‘கிர்ர்’ இல்லாமல் நாங்கள் எங்கும் போனதில்லை. ஆண்டாள் கோயில் தேரடியில், யாரோ பழைய சிநேகிதர் குரல் கேட்டது என்று இழுத்தார். சோழபுரம் விலக்கில், நான் வாயில் பாட்டு முனகியதற்காக இழுத்தார். வேகமாகப் போகும்போது இழுக்கமாட்டார். அந்த விவரம் இருந்தது. மெதுவாகப் போகும்போது, நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் இழுப்பார். நான் என் கைப்பையை லீவரின் மேல் மாட்டிப் பார்த்தேன். எடுத்துப் பின்னால் எறிந்தார். இடது கையை லீவரின் மேலேயே வைத்து ஓட்டிப் பார்த்தேன்.

“கைய எடு.”

“ஓட்டுறது நான் மாமா.”

“வண்டி என்னுது. கைய எடு.”

கியர் மாற்றக் கையை எடுக்கத்தானே வேண்டும். எடுத்தபோது இழுத்தார். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், “அவருட்ட யாரு பேசுறது?” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அவர் பிசைகிற விரலைப் பார்த்தால் எனக்கும் மேலே பேச வராது.

நான் ஜீப் ஓட்டுவதைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஆள் தேடி எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். பெண் டிரைவர் என்றால் பெற்றோருக்கு நம்பிக்கையாக இருக்கும் என்றார்கள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் சர்க்கரையை ரெண்டு தடவை போட்டுவிட்டேன். முன்னறையில் மாமா தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

“பிள்ளைய ஏத்துற வண்டி பாருங்க. நான் மறைக்கப்புடாது. அவளுக்கு வலிப்பு உண்டு. எப்ப வரும்னு தெரியாது.”

தம்ளரோடு வெளியே ஓடி வந்தேன். “எனக்கு அப்படி ஒண்ணும் கெடையாது சார்” என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணில் நீரோடு நான் நின்ற நிற்பைப் பார்த்தால் யாருக்கும் வலிப்பு இருப்பதாகத்தான் தோன்றும். வந்தவர்கள் காபியைக் குடிக்காமலேயே எழுந்து போனார்கள். (அதே பள்ளிக்கூட வேனைத்தான் இப்போது ஓட்டுகிறேன். அவர் போன பிறகு நானே போய்க் கேட்டு வாங்கிய வேலை.)

அன்று அடுப்படியில் அத்தை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அத்தை அதிகம் பேசமாட்டாள். முப்பது வருஷமாகப் பாதியிலேயே நிறுத்தப்பட்டுப் பழகியவள். வெங்காயத்தை உரித்தபடி மெதுவாகச் சொன்னாள்:

“என்னையும் ஒருக்கா பால்வாடிக்கு ஆயா வேலைக்குக் கூப்பிட்டாக பிள்ள. எனக்குக் காசநோய்னு சொல்லிட்டாரு. அதுக்குப் பொறவு இந்தத் தெருவுல ஒருத்தரும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல, ரொம்ப நாளா.”

அப்போதும் அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அத்தைக்குப் பக்கவாதம் வந்தது ஒரு மத்தியானம். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையிலிருந்து கீரை நழுவியது. எடுக்கப் போனாள், கை வரவில்லை. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஏதோ ஓசை வந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டு, “ஸ்கேன் பாக்கணும், ராஜபாளையத்துக்குக் கொண்டு போயிரு. இதுல ஒவ்வொரு நிமிசமும் முக்கியம்” என்றாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக் காத்திருப்பதைவிட நானே போய்விடலாம் என்று பட்டது. நானும் அக்காவும் தூக்கி அத்தையை ஜீப்பின் பின்பக்கப் பெஞ்சில் படுக்க வைத்தோம். அக்கா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். மாமா முன்னால் ஏறினார்.

அவர் பயந்துபோயிருந்தார். அதையும் சொல்லவேண்டும். உதடு வறண்டு, “என்ன செய்யுது அவளுக்கு? என்ன செய்யுது?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்த ஜீப்பை அவ்வளவு வேகமாக நான் ஓட்டியதே இல்லை.

பாதி தூரம் தாண்டியிருப்போம். முன்னால் ஒரு பஸ். எதிரே ரோடு காலி, நன்றாகத் தெரிந்தது. ஹாரன் அடித்துவிட்டு வலது பக்கம் ஏறினேன். பஸ்ஸுக்குப் பாதிக்கு மேல் வந்தாயிற்று.

“லாரி! லாரி வருது! நிப்பாட்டு!”

“ஒண்ணும் வரல மாமா!”

“நிப்பாட்டுட்டி!”

இழுத்துவிட்டார். பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. அடியில் டமார் என்று ஏதோ முறிந்தது. எனக்கு வானமும் பஸ்ஸின் பின்பக்கமும் மாறி மாறித் தெரிந்தன. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மண்ணை வாரிக்கொண்டு, வேலிமுள் புதரில் போய் நின்றது. திரும்பிப் பார்த்தால் அத்தை பெஞ்சிலிருந்து தரையில் கிடந்தாள். நர்ஸ் அக்காவின் நெற்றியில் ரத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியரைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், மிதிக்கிறேன், சக்கரம் அசையவில்லை.

இறங்கி ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். இளநீர் ஏற்றிய ஒரு குட்டியானை நின்றது. அந்த டிரைவர் இளநீரை எல்லாம் தள்ளி ஒதுக்கி இடம் பண்ணி, அத்தையைத் தூக்க வந்தார். “நான் பின்னாடியேதான் அக்கா வந்தேன். எதுத்தாப்புல ஒண்ணுமே வரலையே, ஏன் இப்படித் திருப்புனிய?” என்று கேட்டார். நான் ஜீப்பைப் பார்த்தேன். மாமா இன்னும் இறங்கவில்லை. கை லீவரிலேயே இருந்தது.

“லாரி போயிருச்சா?” என்றார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் வராந்தாவில் வைத்துக் கதை சொன்னார். “இவ கண்ணு மண்ணு தெரியாம ஏத்துதா. எதுக்க லாரி. நான் மட்டும் இழுக்கலேன்னா அன்னைக்கு நாலு பொணம்.” யானைக் கதை மாதிரியே இதுவும் சொல்லச் சொல்ல மெருகேறியது. கடைசியில் லாரியின் நிறம்கூட வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். எல்லா டாக்டரும் சொல்கிற வார்த்தைதான். அந்தத் தாமதம் இல்லாவிட்டால் அத்தையின் கை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அது என்னை விடமாட்டேன் என்கிறது.

சிக்கந்தர் பாய் ஜீப்பை இழுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்தார். ஷாஃப்ட் கொடியைப் போல முறுக்கி ஒடிந்திருந்தது. எடுத்துக் காட்டினார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சாவியைத் தரும்போது மட்டும், “பழையபடி டேஷ்போர்டுக்குக் கீழயே மாத்திரட்டுமா தங்கச்சி?” என்றார்.

கொஞ்சம் யோசித்தேன். “வேண்டாம் பாய். இடம் நல்ல இடந்தான். குனியாம எட்டுது. லீவர் என்ன தப்புப் பண்ணுச்சு?”

“அப்ப அண்ணாச்சி?”

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மாமா முன்னால் உட்கார்ந்தால் வண்டியை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுவது, மீறினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுப்பட்டிக்குப் போய்விடுவது. அவ்வளவுதான் மனதில் வைத்திருந்தேன்.

அத்தை வீட்டுக்கு வந்தாள். வலது கையும் காலும் வரவில்லை. கால் மட்டும் பிறகு இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. பசித்தாலும் தாகமென்றாலும் ஒரே ஓசைதான். வாரத்துக்கு ரெண்டு நாள் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து பிசியோதெரபி கொடுக்கவேண்டும் என்றார்கள்.

முதல் நாள் காலையில் மாமா எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டார். தேய்த்த காக்கிச் சட்டை, எண்ணெய் தடவிய தலை. போய் இடது சீட்டில் உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, லீவர் இருப்பதை உறுதிசெய்துகொண்டார். அதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அத்தையின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வரும்போதே, சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டருகே நின்றார்.

பின்பக்கம் ஏற்றுவதற்காக அத்தையைத் திருப்பினேன். அவள் திரும்பவில்லை. முன் சீட்டுக்கு நேரே நின்றுகொண்டாள்.

“பின்னால ஏத்து அவள” என்றார் மாமா.

அத்தை இடது கையால் சீட்டுக் கம்பியைத் தட்டினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. வாய் கோணிக்கொண்டு ஏதோ உருட்டியது. பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து நாங்கள் கேட்காத ஒன்று வந்தது. முழுசாக, தெளிவாக, ஒரு சொல்.

“எந்திரி.”

கல்யாணமான நாளிலிருந்து அவரை ‘வாங்க போங்க’ என்பதைத் தவிர அவள் வேறு மாதிரி பேசி யாரும் கேட்டதில்லை. அந்த ‘ங்க’ நாக்கு புரளாமல் விட்டுப்போனதா, அவளாக விட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை.

“என்னது?” மாமாவின் முகம் குரல் வந்த திசைக்குத் திரும்பியது.

“எந்திரி.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லிக் குடுத்தியாட்டி?”

“இல்ல மாமா.”

“ஏலே” என்று மகனைக் கூப்பிட்டார். கேட்டருகே நின்றவர் தூக்கைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்லவில்லை. அவருக்கு அதுவே பெரிய காரியம். பிறகு செருப்பு தேய, கேட்டைத் திறந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாமா இறங்கினார். கால் தரையைத் தேடியது. ஒரு கையால் ஜீப்பின் தகரத்தைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போய் ஏறினார். கம்பி, சக்கரத்தின் மேல் மடிப்பு, பின்விளக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் போனார். இவருக்கு இவ்வளவுதான் கண் தெரிகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். என் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. அதை நான் அதற்கு மேல் வளரவிடவில்லை.

அத்தையை முன்னால் தூக்கி உட்கார வைத்தேன். லீவர் பக்கம் இருந்தது அவளுடைய வராத கை. அதை எடுத்து மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ராஜபாளையம் வரைக்கும் ஒரு ‘கிர்ர்’கூட இல்லை. அந்த ரோடு அவ்வளவு குறைவான தூரம் என்பது எனக்கு அதற்கு முன் தெரியாது.

பிசியோதெரபி நடக்கிற இடம் ஒரு சந்துக்குள் இருந்தது. கரண்டு இல்லாததால் வாசலில் ஜெனரேட்டர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. சாய்வுப் பாதைக்குப் பக்கத்தில் அத்தை இறங்குகிற மாதிரி வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தவேண்டும். ரிவர்ஸ் கியரைப் போட்டேன். பின்பக்கத்திலிருந்து மாமா இறங்குவது கண்ணாடியில் தெரிந்தது. சுவரைத் தடவிக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் நின்றார். காலை அகட்டி, கையை உயர்த்தி, கிளீனர் பையன்கள் செய்கிற மாதிரி விரலை மடக்கி மடக்கி அழைத்தார்.

“வா... வா... அப்படியே ஒடிச்சு வா...”

அவர் முகம் வண்டியைப் பார்த்து இல்லை. கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து இருந்தது. நான் அவர் கையைப் பார்க்கவில்லை. இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், சாய்வுப் பாதையின் விளிம்பைப் பார்த்தேன், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினேன். லீவரை இழுத்தேன். எஞ்சினை அணைத்தேன்.

ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. சுவரைப் பார்த்து விரலை மடக்கிக்கொண்டே நின்றார். “வா... வா... வரட்டும்...”

அத்தை கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் இறங்கிச் சுற்றி வந்து, அவளை அணைத்துப் பிடித்து இறக்கி, சாய்வுப் பாதையில் ஏற்றி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். வண்டி நின்றுவிட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.